பழைய பிஸ்டன் எஞ்சின் சாகச விமானங்கள்: கொழும்புக் காற்றில் பராமரிப்பும் பழுது தேடலும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

விமானப் பராமரிப்புப் படிக்கும் பிள்ளைகளும் இரத்மலானை விமான நிலையத்தில் பறக்கப் பழகுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. இந்த விமானங்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு, ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள். உங்கள் கையில் இருக்கும் விமானத்தின் கைநூல் வேறு சொன்னால் கைநூல் சொல்வதே சரி. வேலையைப் பார்த்துக் கையெழுத்து வைக்க உரிமம் பெற்ற பொறியியலாளர் கட்டாயம் வேண்டும்.

எந்த விமானங்களைப் பற்றிக் கதைக்கிறோம்?

பெரும்பாலும் நான்கு வகை. டைகர் மோத், சிப்மங்க், பிட்ஸ் ஸ்பெஷல், யாக்-52. முதல் இரண்டிலும் இருப்பது ஜிப்ஸி மேஜர். நான்கு சிலிண்டரும் வரிசையாகத் தலைகீழாகத் தொங்கும் எஞ்சின். டைகர் மோத்தில் 130 குதிரைவலு, சிப்மங்கில் 145. இரண்டு இருக்கை பிட்ஸில் லைகோமிங், 200 அல்லது 260 குதிரைவலு. யாக்-52இல் எம்-14பி என்ற ஒன்பது சிலிண்டர் நட்சத்திர எஞ்சின் (சிலிண்டர்கள் வட்டமாக நிற்பது), 360 குதிரைவலு.

நமக்கு இதில் ஒரு உறவும் உண்டு. 1951இல் தொடங்கிய ரோயல் இலங்கை விமானப்படை முதன்முதலில் வைத்திருந்த பயிற்சி விமானம் சிப்மங்க். இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் சிப்மங்கையும் டைகர் மோத்தையும் கிட்ட நின்று பார்க்கலாம். படிப்பவர்கள் ஒரு தடவையாவது போய், எஞ்சின் எந்தப் பக்கம் தலைகீழாக இருக்கிறது, இறக்கைக் கம்பிகள் எங்கே பிணைகின்றன என்று பார்த்துவிட்டு இந்தப் பதில்களைப் படித்தால் நன்றாகப் புரியும்.

விமானம் இரண்டு மாதமாகப் பறக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி வைத்தால் போதும்தானே?

போதாது. பல வேளைகளில் ஓட்டாமல் விட்டதைவிட அது கூடுதல் கெடுதல். அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். அதிகம் பேர் நம்ப மறுக்கும் பதிலும் இதுதான்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியாக உருவாகிறது. பெரும்பகுதி புகைக்குழாயால் போய்விடும். ஆனால் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒரு பங்கு எஞ்சினின் அடிவயிற்றுக்குள் இறங்கும். ஒயில் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி மூச்சுக்குழாயால் வெளியேறும். பத்து நிமிடம் நிலத்தில் ஓட்டினால் ஒயில் அந்தச் சூட்டுக்கு வராது. ஈரம் உள்ளேயே தங்கி, எரிபொருள் எச்சங்களோடு சேர்ந்து அமிலமாக மாறும்.

லைகோமிங் நிறுவனம் சொல்வது: 30 நாளைக்கு ஒரு தடவையாவது, ஒயில் 74 முதல் 93 பாகை செல்சியஸுக்குள் இருக்க, தொடர்ந்து ஒரு மணித்தியாலம் பறக்க வேண்டும். அதுகூடப் பொதுவான காலநிலைக்குத்தான். கொழும்பில் பெரும்பாலான நாட்களில் ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல். இரத்மலானைக்குக் கடல் கிட்ட, காற்றில் உப்பு. இங்கே நான் 30 நாளைக் கடைசி எல்லையாகத்தான் எடுப்பேன். பதினைந்து நாளுக்குள் பறந்தால் நிம்மதி.

லைகோமிங்கில் இன்னொரு சிக்கல். வால்வுகளைத் திறக்கும் அதன் கேம் தண்டு எஞ்சினின் மேற்பகுதியில் இருக்கிறது. நிறுத்தியதும் ஒயில் கீழே வடிய, முதலில் காய்வது அந்தத் தண்டுதான். அதில் துரு ஒரு புள்ளி விழுந்தால் போதும், அடுத்த பறப்பிலிருந்து அந்த இடம் தேயத் தொடங்கும். சில மாதம் கழித்து ஒயில் வடிகட்டியில் இரும்புத் தூளாக அதைக் காண்பீர்கள்.

பறக்கவே வாய்ப்பில்லை என்றால் முறையாகத் தூங்க வையுங்கள். பழைய ஒயிலை வடித்துப் பாதுகாப்பு ஒயில் ஊற்றி ஓட்டி, பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் பிளக்குகளைப் பூட்டி, மூச்சுக்குழாயையும் புகைக்குழாயையும் அடைத்து, அடைத்த இடமெல்லாம் சிவப்புப் பட்டி கட்டுங்கள். உறிஞ்சியின் நிறம் மாறுகிறதா என்று வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும். இங்கத்தைய ஈரத்தில் அது சீக்கிரமே நிறம் மாறிவிடும். தூங்க வைத்த எஞ்சினின் புரொப்பெல்லரைச் சும்மா சுற்றிப் பார்க்கக் கூடாது. சுற்றினால் சிலிண்டர் சுவரில் பூசிய படலம் வழிக்கப்பட்டுவிடும்.

யாக்-52ஐ ஸ்டார்ட் பண்ணுமுன் ஏன் கையால் சுற்றுகிறார்கள்?

கீழ்ச் சிலிண்டர்களில் ஒயில் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க. நட்சத்திர எஞ்சினில் கீழே தொங்கும் சிலிண்டர்களுக்குள் நிறுத்தி வைத்த ஒயில் மெல்ல வடியும். ஒயிலை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது, 50 வளிமண்டல அழுத்தக் காற்றால் ஸ்டார்ட் ஆகும் எம்-14பி அந்த ஒயிலின் மேல் முழு வலுவோடு மோதும். இணைப்புத் தண்டு வளையும். பயங்கரம் என்னவென்றால், வளைந்த தண்டோடு எஞ்சின் ஓடவும் செய்யும். பல மணித்தியாலம் கழித்து, ஒரு லூப்பின் (செங்குத்து வட்டப் பறப்பின்) உச்சியில் அது முறியலாம்.

சரி, எப்படிச் சுற்றுவது? மக்னீட்டோ (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கருவி) ஓஃப், எரிபொருள் வால்வு மூடி, சக்கரத்துக்குக் கட்டை, இருக்கையில் விஷயம் தெரிந்த ஒருவர். இவ்வளவும் செய்த பிறகும் அந்த புரொப்பெல்லர் எந்த நிமிடமும் உயிர் பெறலாம் என்றே நினைத்துக் கை வையுங்கள். மக்னீட்டோவை நிலத்தோடு இணைக்கும் ஒற்றை வயர் உள்ளே அறுந்திருந்தால், சுவிட்ச் ஓஃபில் இருந்தும் பிளக்கில் பொறி வரும். எல்லாச் சிலிண்டரும் அழுத்தக் கட்டத்தை ஒரு தடவையாவது தாண்டும் வரை, மெதுவாக, ஓடும் திசையிலேயே இழுங்கள். ஜிப்ஸி மேஜரும் எம்-14பியும் விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். லைகோமிங் கடிகாரத் திசையில். லைகோமிங்கில் பழகிய கை இங்கே தவறு செய்ய இடமுண்டு.

இறுக்கமாக நின்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். பின்னோக்கியும் சுற்றாதீர்கள். பின்னோக்கிச் சுற்றினால் ஒயில் திறந்த உள்வால்வு வழியே உறிஞ்சு குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும். கைக்கு எஞ்சின் இலகுவாகத் தெரியும். ஸ்டார்ட் ஆனவுடன் அதே ஒயில் திரும்ப உறிஞ்சப்படும். செய்ய வேண்டியது ஒன்றே. கீழ்ச் சிலிண்டர் பிளக்குகளைக் கழற்றி வடிய விட்டு, திரும்பச் சுற்றிப் பார்த்து, பிறகு பூட்டுவது. ஜிப்ஸி மேஜரும் தலைகீழ் எஞ்சின்தான், அதற்கும் இந்தக் கவனம் வேண்டும்.

இன்னொன்று. நின்ற நட்சத்திர எஞ்சினில் ஒயில் தாங்கி குறைவாகக் காட்டினால் உடனே ஊற்றாதீர்கள். ஒயில் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கும். ஓடி நின்ற சூட்டோடு அளந்தால்தான் உண்மை அளவு தெரியும்.

மக்னீட்டோ சோதனையில் சுற்று அதிகமாக விழுகிறது. எங்கே தொடங்குவது?

எஞ்சினின் இரண்டு மக்னீட்டோவில் ஒன்றை ஓஃப் செய்து, மற்றதில் மட்டும் ஓட்டி, நிமிடத்துக்கான சுற்று எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. முதலில், எப்படி விழுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். எண்ணைவிட அது கூடுதலாகச் சொல்லும்.

சுற்று விழுந்து எஞ்சின் தடதடவென்று நடுங்கினால், ஒரு சிலிண்டர் எரியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பிளக் அழுக்கு. ஒயில் படிந்திருக்கும், அல்லது ஈயக் குமிழிகள் அடைத்திருக்கும். பெற்றோல்-காற்றுக் கலவையைக் கொஞ்சம் மெலிதாக்கி, கைநூல் அனுமதிக்கும் சுற்றில் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அதிலும் சரிவராவிட்டால், பிழையான மக்னீட்டோவில் மட்டும் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, புகைக்குழாய்களை வெப்பமானியால் அளந்து பாருங்கள். குளிர்ந்திருக்கும் குழாயின் சிலிண்டரில்தான் வேலை. எட்டுப் பிளக்கையும் கழற்றத் தேவையில்லை.

சுற்று அதிகம் விழுந்தும் எஞ்சின் மென்மையாக ஓடினால் பிளக்கை விடுங்கள். கலவை மிகவும் மெலிதாகவோ செறிவாகவோ இருக்கலாம், அல்லது பொறி பிந்தி விழலாம், அதாவது டைமிங் நகர்ந்திருக்கலாம்.

சுற்று விழவே இல்லை என்றால் சிலர் சந்தோஷப்படுவார்கள். எனக்கு அதுதான் பயம். அந்த மக்னீட்டோ ஓஃப் ஆகவில்லை. புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் யாரையும் போக விடாமல், சுவிட்ச் கம்பியைப் பார்க்கும் வரை அதில் எச்சரிக்கை அட்டை தொங்க வேண்டும்.

லைகோமிங்கில் பொதுவாக 175 சுற்றுக்கு மேல் விழக் கூடாது, இரண்டு மக்னீட்டோவுக்கும் இடையே வித்தியாசம் 50க்குள். மற்ற எஞ்சின்களுக்கு அவரவர் கைநூல்.

காலையில் சரியாக இருந்து, மத்தியானம் சூடான எஞ்சினில் மட்டும் தகராறு செய்யும் மக்னீட்டோவுக்கு நிறையப் பேர் பிளக் மாற்றி மாற்றியே நாளைக் கழிப்பார்கள். சூட்டில் கெடுவது கொண்டென்சர் அல்லது சுருள். பழைய மக்னீட்டோக்களில் சுருளின் காப்புப் பூச்சு ஈரத்திலும் சூட்டிலும் இளகிவிடும். குளிர்ந்த மக்னீட்டோவை மேசையில் வைத்துச் சோதித்தால் நல்லதென்றே காட்டும். சூடாக்கிச் சோதியுங்கள்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்குமே. பிளக், ரப்பர் வளையம், போல்ட் அங்கே வாங்கலாமா?

கூடாது. பஞ்சிகாவத்தையில் கிடைக்காத கார்ச் சாமான் இல்லை என்பது உண்மை, அங்குள்ளவர்களின் கைத்திறனும் பெரிது. ஆனால் விமான போல்ட்டின் தலையில் உள்ள குறிக்குப் பின்னால் உலோகத்தின் வகை, வெப்பப் பதம், சோதனை எல்லாம் கடதாசியில் இருக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் கடை போல்ட் கூடுதல் கடினமாக இருந்து, வளையாமல் முறியலாம். ரப்பர் வளையமும் அப்படியே. விமான பெற்றோலுக்குத் தாங்காத ரப்பர் ஊதி அடைக்கும்.

பிளக்கில் ஒரு பழக்கம்: கீழே விழுந்த பிளக் குப்பைக்குத்தான். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே பீங்கான் வெடித்திருக்கலாம். செப்பு வளையம் ஒவ்வொரு தடவையும் புதிது.

தலைகீழாகப் பறக்கும்போது எஞ்சின் நின்றுவிடுகிறது. பழுதா?

டைகர் மோத்தோ சிப்மங்கோ என்றால் பழுதல்ல. அவற்றின் கார்புரேட்டரில் மிதவை இருக்கிறது, தலைகீழானால் பெற்றோல் வராது. திரும்ப நேரானதும் எஞ்சின் பிடிக்கும்.

பிட்ஸ் போன்றவை தலைகீழாக ஓடவே செய்யப்பட்டவை. அவற்றின் தாங்கிக்குள் முனையில் எடை வைத்த வளையும் குழாய் இருக்கும். பெற்றோல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அதுவும் விழும். வருடக்கணக்கில் பெற்றோலில் ஊறி, அந்தக் குழாய் விறைத்துப் போகும். நேராகப் பறக்கும்போது ஒன்றும் தெரியாது. தலைகீழில் மட்டும் சில நொடி கழித்து எஞ்சின் இருமினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். தாங்கியைத் திறந்து, குழாய் தன் எடையாலேயே தாராளமாக விழுகிறதா என்று பாருங்கள். இது காலக்கெடுவுக்கு மாற்ற வேண்டிய சாமான். நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப் போடாதீர்கள்.

ஒயிலுக்கும் இதேபோல் ஏற்பாடு உண்டு. உலோக உருண்டைகள் உள்ள வால்வுகள், விமானம் புரளும்போது ஒயில் எடுக்கும் வழியை மாற்றும். புரளும் அந்த நொடியில் அழுத்த முள் ஆடுவது வழக்கம். முள் கீழேயே கிடந்தால் உடனே நேராக்கி வலுவைக் குறையுங்கள். காரணம் பெரும்பாலும் உருண்டை அழுக்கில் ஒட்டியிருப்பது, அல்லது உறிஞ்சும் பக்கத்துக் குழாய் எங்கோ காற்று இழுப்பது. வயிற்றுப் பக்கம் ஒயில் பூசியிருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். கத்திமுனைப் பறப்பிலும் (ஒரு இறக்கை நிலத்தை நோக்கப் பக்கவாட்டில் பறப்பது) எடையற்ற நொடிகளிலும் மூச்சுக்குழாயால் கொஞ்சம் போகும். ஒவ்வொரு பறப்பிலும் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். அளவு திடீரென மாறினால் அப்போது தேடலாம்.

ஒயில் எத்தனை மணிக்கு ஒரு தடவை? எந்த ஒயில்?

லைகோமிங்கில் முழு வடிகட்டி இருந்தால் 50 மணித்தியாலம், வலை மட்டும் என்றால் 25. எப்படியும் நான்கு மாதத்துக்கு மேல் விடக் கூடாது. இங்கே பலருக்கு மணித்தியாலத்துக்கு முன் மாதம்தான் வந்துவிடும். நம் வெக்கைக்கு எஸ்ஏஈ 50 தரம், அதாவது டபிள்யூ100 வகை, பொருந்தும். புதிதாகக் கட்டிய எஞ்சினுக்கு ஒயில் செலவு நிதானப்படும் வரை கூட்டுப்பொருள் இல்லாத கனிம ஒயில்.

வடிகட்டியை வெட்டித் திறந்து பார்க்காமல் எறிவது வேலையைப் பாதியில் விடுவது. மடிப்பை விரித்து வெயிலில் பிடியுங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: கேம், தப்பெட், வளையம். ஒட்டாமல் வெள்ளியாக மினுங்கினால் அலுமினியம், பிஸ்டன் பக்கம். செம்பு நிறம் என்றால் புஷ் (தண்டைத் தாங்கும் உறை). கரகரப்பான கறுப்பு வெறும் கரி. ஒரு தடவை காண்பதைவிட, போன தடவையோடு ஒப்பிடுவதுதான் பயன். படம் எடுத்து வையுங்கள்.

அழுத்தச் சோதனையில் 80 பிஎஸ்ஐ காற்று கொடுத்தால் ஒரு சிலிண்டரில் 58தான் நிற்கிறது. கழற்ற வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். எஞ்சின் சூடாக இருந்ததா? குளிர்ந்த எஞ்சினில் எடுத்த எண்ணை நம்பாதீர்கள். காற்று எங்கே போகிறது என்று கேளுங்கள். புகைக்குழாயில் சீறினால் வெளிவால்வு, உறிஞ்சு பக்கத்தில் சீறினால் உள்வால்வு, ஒயில் ஊற்றும் வாயில் சீறினால் வளையம். வளையம் என்றால் பறந்துவிட்டுத் திரும்ப எடுங்கள், எண் ஏறக்கூடும். வெளிவால்வு என்றால் கமெராக் குழாய் விட்டு வால்வின் முகத்தைப் பாருங்கள். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருந்தால் அந்தச் சிலிண்டர் கழற்றியே ஆக வேண்டும்.

கொழும்பு வெக்கையில் கார்புரேட்டரில் பனி பிடிக்குமா?

பிடிக்கும், நம்பித்தான் ஆக வேண்டும். பெற்றோல் ஆவியாவதாலும் காற்று விரிவதாலும் கார்புரேட்டருக்குள் வெப்பம் இருபது முப்பது பாகை இறங்கலாம். வெளியே 28 பாகை, காற்றில் ஈரம் நிறைய, வலுவைக் குறைத்து இறங்குகிறீர்கள் என்றால் பனிக்கு அதுவே நல்ல சூழல். இங்கே இறங்கும்போது எஞ்சின் சோர்ந்து, நிலத்தில் பார்த்தால் எந்தப் பழுதும் இல்லை என்று வரும் முறைப்பாடுகளில் நான் முதலில் கேட்பது: கார்புரேட்டருக்கான சூடான காற்றை எப்போது திறந்தீர்கள்? பனி உருகிப் போய்விடும், தடயம் வைக்காது. சூடான காற்றுக் கதவு முழுதாகத் திறக்கிறதா, அதன் கேபிள் நழுவியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எரிபொருளில் தண்ணீர்?

மழையில் வெளியே நின்ற விமானத்தில் எப்போதும் சந்தேகப்படுங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கும். இறக்கையை ஆட்டி, சற்று விட்டு, வடித்துப் பாருங்கள். கண்ணாடிப் போத்தல் முழுக்கத் தண்ணீராகவே வந்தால் தெளிவாக இருந்து ஏமாற்றும். விமான பெற்றோல் 100எல்எல் நீல நிறம், நிறத்தையும் மணத்தையும் பாருங்கள். எதனோல் கலந்த கார் பெற்றோல் பழைய ரப்பரையும் தாங்கிப் பூச்சையும் கரைக்கும், வேண்டாம்.

யாக்-52இல் காற்றழுத்தம் ஒரே இரவில் இறங்கிவிடுகிறது.

ஸ்டார்ட், பிரேக், சக்கரம், ஃபிளாப் எல்லாமே காற்றால் இயங்குவதால் ஒழுகும் இடம் நிறைய. சோப்புத் தண்ணீரும் தூரிகையும் எடுத்து மூட்டு மூட்டாகப் போங்கள். ஒரே தடவையில் ஒரு பகுதியை மட்டும் அடைத்துப் பார்த்தால் வேகமாக அகப்படும். நம் ஈரக்காற்றில் அமுக்கி தள்ளும் தண்ணீர் அதிகம். வடிகாலை ஒவ்வொரு பறப்பு நாளும் திறக்காவிட்டால் வால்வுகள் துருவில் பிடிக்கும். வெளியிலிருந்து நிரப்புவதானால், சுழியோடிகள் பாவிக்கும் உலர்ந்த காற்றை அழுத்தச் சீராக்கி வழியாக எடுக்கலாம். ஒட்சிசன் போத்தலைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். ஒயில் படிந்த குழாயில் ஒட்சிசன் ஏறினால் வெடிக்கும்.

மரமும் துணியும் உள்ள இறக்கைக்கு இங்கே என்ன செய்வது?

வடிகால் துளைகளைத் திறந்தே வையுங்கள். அடைபட்ட ஒரு துளையால் கீழ் விளிம்பில் தண்ணீர் தங்கி மரம் உக்கும். பழைய விமானங்களில் பாலிலிருந்து செய்த கேசீன் பசை இருக்கலாம், ஈரத்தில் பூஞ்சை அதைத் தின்றுவிடும். ஆய்வு மூடியைத் திறந்ததும் மூக்கை வையுங்கள், பூஞ்சை வாடை வந்தால் அந்த இணைப்பை விடக் கூடாது. மரத்தில் நகத்தால் தட்டி ஓசை மங்குகிறதா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் உறையால் விமானத்தை இறுக மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். காற்றோடும் கொட்டகை நிழல்தான் நல்லது.

அளவுக்கு மீறி இழுத்துவிட்டோம், ஜி-மானி 7 காட்டுகிறது. இனி?

ஜி-மானி காட்டுவது, விமானத்தில் விழுந்த விசை புவியீர்ப்பைப் போல் எத்தனை மடங்கு என்பதை. இரண்டு இருக்கை பிட்ஸின் எல்லை பெரும்பாலும் நேர்ப்பக்கம் 6, எதிர்ப்பக்கம் 3. யாக்-52க்கு 7, 5. எல்லையைத் தாண்டியிருந்தால் விமானம் அன்றைக்கு நிலத்தில்தான். இழுத்தவர் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். சொன்னவரை யாரும் ஏசக் கூடாது. ஏசினால் அடுத்தவர் மறைப்பார், அந்த விமானத்தில் மூன்றாவது ஆள் ஏறுவார்.

எஞ்சின் தாங்கும் சட்டத்தின் பற்றுகளில் பெயின்ட் வெடித்திருக்கிறதா, இறக்கை இணைப்பு போல்ட் துளைகள் நீண்டிருக்கின்றனவா, பறப்புக் கம்பிகளின் இழுவை மாறியிருக்கிறதா, துணியில் புதிய சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வால் பகுதியின் சட்டத்தை மறக்காதீர்கள். சடுதிச் சுருள்களும் கரணங்களும் செய்யும் விமானத்தில் புரொப்பெல்லர் பூட்டும் விளிம்பைத் தனியாகச் சோதியுங்கள். சுழலும் புரொப்பெல்லர் திசை மாற மறுப்பதால் அங்கே பெரும் வளைவு விசை விழுகிறது, வெடிப்பு அங்கேதான் தொடங்கும். கனமான உலோக புரொப்பெல்லரில் இது கூடுதல். சிப்மங்க் போன்றவற்றில் சாகசப் பறப்பு நேரம் சாதாரண நேரத்தைவிடப் பல மடங்காக உலோகச் சோர்வுக் கணக்கில் ஏறும், ஆகவே பதிவேட்டில் என்ன வகைப் பறப்பு என்று பிரித்து எழுதுங்கள்.

கடைசியாக, தரைத்தட்டுக்குக் கீழே டோர்ச் அடித்து வால்வரை பாருங்கள். ஒரு பேனா, ஒரு திருகு, ஒரு நாணயம் போதும் கட்டுப்பாட்டுக் கம்பியைச் சிக்க வைக்க. பறப்புக்கு முன் சட்டைப்பையைக் காலி செய்வது சாகச விமானியின் முதல் பாடம்.